ஏறினது... இறங்கினது... ஆஸ்பத்திரியில் அப்பா எழுதிய கணக்கு!

"வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுவாரா?"

ராத்திரி இரண்டு மணி. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. அவசரப் பிரிவு வாசலில் நின்றபடி அந்த இளம் டாக்டர் கேட்டார். கையில் பேடு, காதில் ஸ்டெதஸ்கோப், கண்ணில் தூக்கம். உள்ளே அப்பாவின் சட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள்.

சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை இருந்த பிளாஸ்டிக் கவரை அவரிடம் கொடுத்துவிட்டேன். வலி மாத்திரை கவரில் இல்லை. அது எப்போதும் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும்.

"எப்பவாவது சாப்பிடுவாங்க சார்" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. நெஞ்சுவலிக்கு வந்திருக்கிற இடத்தில் முட்டிவலி மாத்திரையைப் பற்றி என்ன பேச்சு என்றுதான் தோன்றியது. ஆனால் கணக்கு என்று பார்த்தால் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, நான்கு வருஷமாக. மாதம் ஆறு அட்டை. மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வந்தவள் நானேதான்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வயது 72. முப்பது வருஷத்துக்கு மேல் நின்றுகொண்டே வேலை பார்த்த முட்டி. அம்மா போன பிறகு திருமங்கலத்தில் என்னோடுதான் இருக்கிறார். நான் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏன் என்று பின்னால் தெரியும்.

அன்று வெள்ளிக்கிழமை. இரவு இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு, "நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்கு தாயி" என்றார். வேர்வை பனியனை நனைத்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோவை எடுத்தான். முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே ஈ.சி.ஜி எடுத்த கையோடு, ஒரு கை நிறைய மாத்திரையைக் கொடுத்து விழுங்கச் சொன்னார்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் கொடுக்கிற முதல் டோஸ் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை ரத்தம் மேலும் உறையாமல் பார்த்துக்கொள்ள. அங்கிருந்து 108-ல் மதுரை.

மதுரையில் என்னிடம் கையெழுத்து வாங்கும்போது இதய டாக்டர் இரண்டே நிமிஷம் பேசினார். "ஒரு ரத்தக்குழாய் முழுசா அடைச்சிருக்கும்மா. ஆஞ்சியோ பண்ணி உடனே ஸ்டென்ட் வைக்கணும். குழாய் படத்துல தெரியறதுக்காக ஒரு டை ஏத்துவோம். அது சில பேருக்குக் கிட்னியைக் கொஞ்சம் பாதிக்கலாம். ஆனா அதுக்காகக் காத்திருக்க நேரம் இல்ல."

கிட்னியா, இப்போதா? நான் எங்கே என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றரை மணிக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று. விடிந்ததும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்பா கையைத் தூக்கி, பஸ்ஸுக்கு 'ரைட்' கொடுப்பதுபோல் ஆட்டினார். தப்பித்தோம் என்று நினைத்தேன். ஷார்ஜாவில் இருக்கிற தம்பிக்கும் அப்படித்தான் சொன்னேன்.

இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, ரவுண்ட்ஸ் முடித்து வந்த டாக்டர் இதயத்தைப் பற்றி நான்கு வார்த்தை சொன்னார். பம்ப் செய்யும் சக்தி 35 சதவிகிதம்தான் இருக்கிறது, நுரையீரலில் கொஞ்சம் நீர் கோத்திருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிறகு, "கிரியேட்டினின் 1.3-ல இருந்து 1.9 ஆயிருக்கு. யூரினும் குறைவா போகுது" என்றார்.

ஒன்று புள்ளி மூன்றுக்கும் ஒன்று புள்ளி ஒன்பதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? காய்கறிக் கடையில் இதைவிட அதிகமாக விலை ஏறுகிறது. ஆனால் அவர் முகம் அப்படி இல்லை.

கிரியேட்டினின் என்பது தசைகள் வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே அனுப்பும். 48 மணி நேரத்துக்குள் அது 0.3 ஏறினாலே, அல்லது ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கு ஆனாலே, திடீர் சிறுநீரக பாதிப்பு என்று கணக்கு. டாக்டர்கள் இதை 'ஏ.கே.ஐ' என்கிறார்கள். உலகம் முழுக்கப் பின்பற்றும் அளவுகோல் இது, 2012-ல் வந்தது. அப்பாவுக்கு 0.6 ஏறியிருந்தது.

அன்று ஒரு சீனியர் சிஸ்டர் சொன்னதை மறக்க முடியாது. "கிரியேட்டினின் நேத்து நடந்ததை இன்னிக்குச் சொல்ற பேப்பரும்மா. இன்னிக்கு நடக்கிறது தெரியணும்னா யூரின் பையைப் பாருங்க."

பார்த்தேன். கட்டிலின் பக்கத்தில் தொங்கிய பையில் கொஞ்சமே கொஞ்சம், தேயிலைத் தண்ணீர் நிறத்தில்.

எடை ஒரு கிலோவுக்கு, மணிக்கு அரை மில்லியாவது போக வேண்டும். அதற்குக் கீழே ஆறு மணி நேரம் இருந்தால் அதுவும் ஏ.கே.ஐ. அப்பாவின் எடை 64. அப்படியென்றால் மணிக்கு 32 மில்லி. காபி டம்ளரில் கால் பாகம்கூட இல்லை. அந்த அளவுகூட அவருக்கு வரவில்லை.

திங்கட்கிழமை 2.6. இதயம் ஓரளவு நிதானமாக இருந்ததால் ஐ.சி.சி.யூவில் இருந்து இரண்டு பேர் தங்கும் அறைக்கு மாற்றினார்கள். தொற்று வந்துவிடக் கூடாது என்று யூரின் டியூபையும் எடுத்துவிட்டார்கள். "இனிமே ஒவ்வொரு தடவையும் இந்த ஜக்குல பிடிச்சு, அளந்து எழுதணும். குடிக்கிறதையும் எழுதணும். ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு லிட்டர்தான்" என்று சொல்லி அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜக்கைக் கொடுத்தார்கள்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

அப்பா அந்த ஜக்கைத் தொடவே மாட்டேன் என்றார். அதாவது, என் கையில் கொடுக்க மாட்டேன் என்றார். "பொட்டப்பிள்ளை கையில அதைக் குடுத்துட்டு... என்ன பொழப்பு இது" என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கேன்டீனுக்குப் போகும் நேரம் பார்த்து, ட்ரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு நேராக டாய்லெட்டுக்குப் போய்விட்டார். ஒரு தடவை இல்லை, அன்று மட்டும் மூன்று தடவை. சார்ட்டில் 'வெளியே' என்கிற பத்தி காலியாக இருந்தது. சாயந்தரம் வந்த டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, 'ஆறு மணி நேரமா ஒண்ணுமே போகலையா?' என்று பதறி, வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஸ்கேனுக்கே எழுதிவிட்டார். நான்தான் உண்மையைச் சொன்னேன்.

இன்னொரு பக்கம் சொந்தக்காரர்கள். அப்பாவின் தங்கை, என் அத்தை, மூன்று இளநீரோடு வந்து இறங்கினார். கூடவே ஃப்ளாஸ்க்கில் வாழைத்தண்டு ஜூஸ். "கிட்னிக்குத் தண்ணி நிறைய குடிக்கணும்னு சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியும். இவங்க என்னடான்னா ஒரு லிட்டர்ங்கிறாங்க. வாய் காய்ஞ்சு போய்க் கிடக்கான் எங்கண்ணன்."

அத்தை சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. சிறுநீரகத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று நானே வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! டாக்டரிடம் கேட்டேவிட்டேன்.

அவர் ஊர்ப் பக்கத்துக்காரர்போல. "வயலுக்குத் தண்ணி பாயுதும்மா. வாய்க்கால்ல வேகம் குறைஞ்சிருச்சு, ஏன்னா மோட்டார் வீக். அது ஒரு பிரச்னை. அதே நேரத்துல வடிகாலும் நிறைஞ்சு நிக்குது. வயல்ல இருக்கிற தண்ணி வெளியேற வழியில்ல. இப்பப் போய் இன்னும் தண்ணி விட்டா பயிர் என்ன ஆகும்? உங்கப்பா கிட்னி காய்ஞ்சு கிடக்கல. மூழ்கிக் கிடக்குது."

நிமிஷத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் ரத்தத்தை இதயம் அனுப்புகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. இத்தனைக்கும் இரண்டும் சேர்ந்தே 300 கிராம் எடைதான் இருக்கும். அவ்வளவு ரத்தம் கேட்கிற உறுப்பு, அனுப்புகிற இடத்தில் சக்தி குறைந்தால் முதலில் அடி வாங்குகிறது. அனுப்ப முடியாத ரத்தம் இதயத்துக்குப் பின்னால் தேங்கும்போது, சிறுநீரகத்தில் இருந்து வெளியே வரும் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி, வடிகட்டுகிற வேலையே நின்றுபோகிறது. இதற்கு 'கார்டியோ ரீனல் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்து, 2008-ல் ஐந்து வகையாகப் பிரித்தார்கள். அப்பாவுக்கு வந்தது முதல் வகை. ஆஞ்சியோவின் டையும் ஒரு பங்கு சேர்ந்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்த பாதிப்பு ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தெரிய ஆரம்பிக்கும், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிவிடும் என்றும் சொன்னார்.

இளநீர் மூன்றும் அறைக்கு வெளியே போயின. அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் நல்லபடியாக இருப்பவருக்கு அது வரம். வேலை செய்யாதபோது பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். அத்தை கோபித்துக்கொண்டு, மூன்றையும் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்த அப்பா ராத்திரி சொன்னார். "தீபாவளிக்கு முந்தின நாள் மாட்டுத்தாவணிதான் தாயி இது. வெளிய போற கேட்டுல வண்டி நின்னுட்டா, உள்ள வர்ற வண்டி ரோட்டுலயே நிக்கும். உள்ள இருக்கிற டிரைவரைத் திட்டி என்ன புண்ணியம்?"

எனக்கு டாக்டர் சொன்னதைவிட அது நன்றாகப் புரிந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு யோசனையும் வந்தது. என் ஹேண்ட்பேக்கில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று இருந்தது. பேனாவையும் சேர்த்து அவர் கையில் கொடுத்து, "நான் அளக்க மாட்டேன்ப்பா. நீங்களே அளந்து, நீங்களே கணக்கு வைங்க. காலையில சிஸ்டர்கிட்ட கணக்கை ஒப்படைக்கணும்" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஸ்கேல் இல்லாமலேயே நேர்க்கோடு இழுத்தார். நேரம் என்று ஒரு பத்தி. அடுத்ததற்கு 'ஏறினது' என்று தலைப்பு. அதற்கடுத்து 'இறங்கினது'. கடைசியில் 'பாக்கி'.

அதற்குப் பிறகு ஒரு சொட்டு கணக்கில் இருந்து தப்பவில்லை. மாத்திரை விழுங்கக் குடித்த 30 மில்லி, மத்தியானம் ரசம் 80 மில்லி, கஞ்சி 150 எல்லாம் ஏறினதில். ஜக்கை அவரே எடுத்துப் போய், அவரே கோடு பார்த்து, அவரே ஊற்றிக் கழுவி வைத்துவிடுவார். நான் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது.

செவ்வாய்க்கிழமை காலை 3.2. முந்தின 24 மணி நேரத்தில் 'இறங்கினது', டாய்லெட்டில் போனதைத் தோராயமாகச் சேர்த்தும், 400-ஐத் தாண்டவில்லை. சிறுநீரக டாக்டர் வந்தார். சுகர் மாத்திரையில் ஒன்றையும் பிரஷர் மாத்திரையில் ஒன்றையும் முன்பே நிறுத்தியிருந்தார்கள். நீரை இறக்கும் லாசிக்ஸ் ஊசியின் அளவைக் கூட்டினார்கள். "வேற ஏதோ ஒண்ணு இழுக்குது. டையும் ஹார்ட்டும் மட்டும்னா இந்நேரம் ஏறுற வேகம் குறையணும்" என்று தனக்குத்தானே பேசுவதுபோல் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயந்தரம் தலையணை உறை மாற்ற வந்த அக்கா, கீழே விழுந்த ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். மாத்திரை அட்டை. பத்தில் நான்கு காலி.

அப்பாவைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார்.

"கட்டில் கட்டை மாதிரி இருக்கு தாயி. முட்டி குடையுது. அதான் பையில கிடந்ததை... காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஹார்ட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

வெள்ளிக்கிழமை ராத்திரி நான் நினைத்த அதே வாக்கியம்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். டைக்ளோஃபெனாக். அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியதற்குக் காரணம் வேறு. இந்தியாவில் பாறு கழுகுகள் லட்சக்கணக்கில் செத்து அழிந்த கதையை வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மாடுகளுக்கு வலி மருந்தாகப் போட்டார்கள். அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து விழுந்தன. பாகிஸ்தானில் நடந்த ஆய்வில் 2004-ல் காரணம் தெரிந்தது. 2006-ல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். நீலகிரியில் முதுமலைப் பக்கம் மிச்சம் இருக்கிற கழுகுகளைப் படம் காட்டி, மருந்தின் பெயரைக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். டைக்ளோஃபெனாக். கழுகின் உடம்பு வேறு, மனித உடம்பு வேறு என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதே சாயந்தரம் மெடிக்கல் ஷாப்பில் அதே பெயரை வாங்கி ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு நாள்கூட இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

டூட்டி டாக்டர் அறைக்குப் போய் அட்டையை மேஜையில் வைத்தேன். "எப்பவாவதுன்னு சொன்னேன் சார். தினமும் ரெண்டு. நாலு வருஷமா. இங்க வந்தும் சாப்பிட்டிருக்காங்க" என்றேன். அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இப்பவாவது சொன்னீங்களே" என்று மட்டும் சொல்லி, சிறுநீரக டாக்டருக்கு போன் போட்டார்.

மறுநாள் அவர் படம் வரைந்து விளக்கினார். ரத்த ஓட்டம் குறையும்போது, சிறுநீரகம் தன் வாசலைக் கொஞ்சம் அகலமாகத் திறந்து சமாளித்துக்கொள்ளுமாம். அந்த வாசலைத் திறந்து வைக்கிற பொருள் உண்டாவதையே வலி மாத்திரை தடுத்துவிடுகிறது. அதோடு உடம்பில் உப்பையும் நீரையும் தேக்குகிறது, பலவீனமான இதயத்துக்கு அது கூடுதல் சுமை. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை சாப்பிட்டாக வேண்டும். கூடவே இதுவும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். இதய நோய் இருப்பவர்களுக்கு இந்த மருந்தே ஆகாது. "முட்டி வலி நிஜம்தான்மா, நான் இல்லைங்கல. ஆனா அதுக்கு இந்த வழி இனிமே கிடையாது."

புதன்கிழமை 3.6. பொட்டாசியம் 5.9. ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டிய அளவு. இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்து ஏற்றினார்கள், நெபுலைசர் வைத்தார்கள். பொட்டாசியம் இறங்காவிட்டாலோ, நுரையீரலில் நீர் ஏறினாலோ டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லி, முன்கூட்டியே கையெழுத்துக் கேட்டார்கள்.

குடும்பமே இரண்டாகப் பிரிந்தது. "ஒரு தடவை மிஷின்ல போட்டா ஆயுசுக்கும் அதான். கையெழுத்துப் போடாத" என்றார் அத்தை. தம்பி வீடியோ காலில், "வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாமாக்கா?" என்றான். நான் ஒன்றும் பேசாமல் காரிடாரில் உட்கார்ந்திருந்தேன். என் கையெழுத்தில் வாங்கின மாத்திரை என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. மாத்திரைக்குக் கையெழுத்தே கேட்கவில்லை என்பதும் ஓடியது. கேட்டிருக்க வேண்டும், சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்து அது.

சிறுநீரக டாக்டரிடமே அத்தையைக் கூட்டிப்போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார். பல வருஷமாகச் சுருங்கிப்போன சிறுநீரகம் வேறு. நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்து திடீரென்று நின்றது வேறு. இரண்டாவதில், அது ஓய்வெடுத்து எழுந்திருக்கும்வரை மிஷின் கைகொடுக்கும். நிறைய பேருக்கு ஒன்றிரண்டு தடவைக்குப் பிறகு தேவைப்படுவதில்லை. எல்லோருக்கும் அப்படி மீளும் என்று உத்தரவாதம் தர முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. திருநீறு எடுத்து அப்பாவின் நெற்றியில் பூசிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. அப்பாவும்தான். பதினொன்றரைக்கு எழுந்து போனார். திரும்பி வந்து நோட்டை எடுத்தார். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தேன். பேனா ஓடும் சத்தம். இரண்டு மணிக்கு மறுபடி. நான்கு மணிக்கு மறுபடி. விடிந்ததும் அவர் பாத்ரூமில் இருந்தபோது நோட்டைப் பிரித்தேன்.

11.30 - 110. 2.05 - 140. 4.10 - 160. 5.50 - 150.

கூட்டிப் பார்த்தேன். மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். 560. ஒரு ராத்திரியில்!

கிரியேட்டினின் அன்றும் 3.7 என்றுதான் வந்தது. முந்தின நாளைவிட ஏறியிருக்கிறதே என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, நோட்டைக் கேட்டு வாங்கினார். காலை அமுக்கிப் பார்த்தார், குழி விழவில்லை. பொட்டாசியம் 5.2-க்கு வந்திருந்தது. "கால் வத்திருச்சு, மூச்சு நல்லா இருக்கு, யூரின் வருது. இந்த நம்பர் இறங்க ஒரு நாள் ஆகும்" என்றார். பிறகு நோட்டின் தலைப்பைப் படித்துவிட்டுச் சிரித்து, "ஐயா எந்த ரூட்டு?" என்று கேட்டார்.

"மதுரை டு ராஜபாளையம் சார்" என்றார் அப்பா, படுத்தபடியே நிமிர்ந்து.

வெள்ளி 3.1. சனி 2.6. மிஷின் தேவைப்படவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை 1.9-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஹார்ட் அட்டாக்குக்குக் கீழே 'ஏ.கே.ஐ' என்று ஓர் இரண்டாவது வரி இருந்தது. இனி எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், இந்த இரண்டாவது வரியைக் காட்டச் சொன்னார்கள். ஒரு தடவை இப்படி அடிபட்ட சிறுநீரகம் சரியானதுபோல் தெரிந்தாலும், பின்னாளில் மெதுவாகப் பழுதாகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் ஒரு வாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை, மூன்று மாதத்தில் ஒன்று. தினமும் காலையில் எடை. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் போன் பண்ண வேண்டும். வாந்தி, பேதி என்று எதுவும் வந்தால் மாத்திரைகளை அப்படியே தொடரலாமா என்று உடனே கேட்க வேண்டும்.

ஒரு வாரத்தில் 1.5. மூன்று மாதத்தில் 1.4. பழைய 1.3-க்குத் திரும்பவில்லை. திரும்பாமலும் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மெடிக்கல் ஷாப் அண்ணனிடம் போய்ச் சண்டை போட வேண்டும் என்று தோன்றியது. போனேன். "டீச்சர், நீங்க கேட்டீங்க, நான் குடுத்தேன்" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த தொடை பயிற்சியை நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்கிறார். ரொம்ப முடியாதபோது டாக்டர் சொன்ன அளவுக்குப் பாராசிட்டமால். ராத்திரி அவர் புரண்டு படுக்கும்போது முனகுவது என் அறைக்குக் கேட்கிறது. எழுந்து போய்த் தைலம் தேய்த்துவிடுகிறேன். "போ தாயி, போய்ப் படு, காலையில ஸ்கூல் இருக்குல்ல" என்பார். முன்பெல்லாம் அந்த மாத்திரை போட்ட அரை மணியில் தூங்கிவிடுவார்.

நோட்டில் இப்போது 'ஏறினது, இறங்கினது' இல்லை. தேதி, எடை, பிரஷர் என்று மூன்று பத்திதான். நேர்க்கோடு மட்டும் அதே நேர்க்கோடு.

போன வாரம் அத்தை போன் பண்ணினார். நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் கேட்டார். "உங்கப்பனுக்குத்தான் அந்த முட்டி மாத்திரை ஆகாதுன்னுட்டாங்கள்ல. வீட்டுல மிச்சம் இருந்தா குடுத்துவிடுத்தா. நேத்துல இருந்து கால ஊன முடியல."

அத்தைக்கு 68 வயது. பத்து வருஷமாக பிரஷர். "இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் சாப்பிட்டிருக்கீங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"எப்பவாவது" என்றார்.

அன்றைக்கே அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அத்தையின் ஊரில் பரிசோதனைக் கூடம் ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.